ஒரு கூண்டுக்கு ஒரு கை

“மாத்திரை முடியிற வரைக்கும் புள்ளைக்குப் பால் குடுக்கக் கூடாதாம்க்கா” என்று சன்னலுக்கு வெளியே கஸ்தூரி சொன்னாள். “அதெல்லாம் யார்டி சொன்னது?” என்றது லூர்து அக்காவின் குரல். “டாக்டரம்மாதான். நம்ம உடம்புல போறதெல்லாம் பால்ல எறங்குமாம். புள்ள வயித்துல இருக்கிற நல்ல பூச்சியெல்லாம் செத்துப்போவுமாம்.” “அப்போ நீ திங்கிற கருவாடும் எறங்குமா? அதான் உன் புள்ள அந்த நாத்தம் நாறுது.” இரண்டு பேரும் சிரித்தார்கள். காலைப் பெருக்கல் முடிந்ததும் அவர்கள் அந்தச் சன்னலுக்குக் கீழே உட்கார்ந்து டீ குடிப்பது வழக்கம். உள்ளே ஆள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. சன்னல் முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. உள்ளே சுகிர்தா இடது கையை முழங்கை வரை கொசுக் கூண்டுக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி பத்தேகால். கையை விட்டு மூன்று நிமிடம்தான் ஆகியிருந்தது. இன்னும் இருபத்திரண்டு நிமிடம் அவளால் எழுந்திருக்க முடியாது.

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. கருவாடு. போன மாதம் விடுதியில் யாரோ அறைக்குள் கருவாடு வறுத்துவிட்டார்கள் என்று வார்டன் மாடி மாடியாக ஏறி, கதவுக்குக் கதவு நின்று மோந்து பார்த்துக்கொண்டு வந்தாள். சுகிர்தாவின் கதவுக்கு வந்தபோது மட்டும் “நீயா இருக்காது” என்று சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குப் போனாள். ஏன் நானாக இருக்கக் கூடாது என்று அன்றைக்கு முழுக்க அவளுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாக இருக்கிற இடத்தில் ஒருத்தி மேல் ஒரு சந்தேகம்கூட வராது என்றால் அவள் அங்கே இருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது. கையில் கொசுக்கள் உட்காரத் தொடங்கியிருந்தன. கொசு உட்காருவது தெரியாது என்பார்கள். தெரியும். கவனித்தால் ஒவ்வொன்றும் தெரியும், கையில் ஒரு முடி காற்றில் அசைகிற அளவுக்கு. பிறகு ஒரு சின்ன ஊசிமுனை, பிறகு ஒன்றுமில்லை, பிறகு அரிப்பு. அரித்தாலும் அசையக் கூடாது. அசைந்தால் எல்லாம் எழுந்து பறக்கும், மறுபடி உட்கார வைப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். முந்நூறு பெண் கொசுக்கள். பெண்கள் மட்டும்தான் கடிக்கும், முட்டைக்கு ரத்தம் வேண்டும். நேற்று மாலையிலிருந்து சர்க்கரைத் தண்ணீரை எடுத்துவிட்டாள், பசியோடு இருக்கட்டும் என்று. இந்த ஊரில் அவளைத் தொடுகிறவை இவைதான். இதை அவள் வேடிக்கையாக ஒருநாள் நினைத்தாள், பிறகு வேடிக்கையாக நினைக்க முடியாமல் போய்விட்டது. மனிதர்களில் கடைசியாக யார் என்று எண்ணிப் பார்த்தால், செப்டம்பரில் மின்சார ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண், காய்கறிப் பையைக் கட்டிக்கொண்டு, பல்லாவரத்தில் தூங்கி அவள் தோளில் சாய்ந்தாள். தலையில் மல்லிகையும் வியர்வையும் கலந்த வாசனை. கிண்டியில் இறங்க வேண்டிய சுகிர்தா, அந்தத் தலை எழுந்துவிடக் கூடாதே என்று மாம்பலம் வரை போனாள். அந்தப் பெண் விழித்து “ஐயோ சாரி பாப்பா” என்றாள். பரவாயில்லை என்று இவள் சொன்னது சத்தமாக வெளியே வந்ததா என்று இன்றுவரை தெரியாது.

மாத்திரை முடியிற வரைக்கும். எதற்கு அந்த வாக்கியம் காதிலேயே நிற்கிறது. சிவப்பு விளக்கின் மங்கலில் கூண்டின் வெள்ளை வலை பழுப்பாகத் தெரிந்தது. வடிகால் கொசு இருட்டில்தான் கடிக்கும். அதற்காக யாரும் ராத்திரி வந்து உட்கார்ந்திருக்க முடியாது என்று இந்த அறையின் பகலையும் இரவையும் மாற்றிப் போட்டிருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே இருட்டு. சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குப் போனபின் இங்கே விளக்கு எரியும், பார்க்க ஆள் இல்லாத பகல். முன்பெல்லாம் ஒரு கண்ணாடிக் கருவியில் ரத்தத்தைச் சூடாக்கி, மேலே மெல்லிய தோலைக் கட்டிக் குடிக்கவைப்பார்களாம். அது பழுதாகிக் கிடந்தது. பேராசிரியர் திருவேங்கடம் ஒரு விதி போட்டார்: ஒரு கூண்டுக்கு ஒரு கை. இன்றைக்கு ஒருவர் ரத்தம் நாளைக்கு இன்னொருவர் ரத்தம் என்று மாற்றினால் எது கொசுவால் வந்த மாற்றம், எது ரத்தத்தால் வந்த மாற்றம் என்று பிரிக்க முடியாது என்றார். நகரத்துக் கூண்டுக்கு அவளோடு ஆராய்ச்சி செய்கிற இளவழகன் கை, கிராமத்துக் கூண்டுக்கு இவள் கை. “சார் பொருத்தம் பாத்துத்தான் போட்டிருக்காரு. நீ ஊர்க்காரி, ஊர்க் கொசுவுக்கு. நான் வியாசர்பாடி, சாக்கடைக் கொசுவுக்கு. சீர்வரிசை ஒண்ணும் வேணாம், ரத்தம் போதும்” என்று இளவழகன் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஒரு விநாடி தாமதமாக. தூத்துக்குடி ஊர் இல்லை, நகரம்தான் என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. அவளுடைய பதில்கள் எல்லாம் அப்படித்தான், பேருந்து கிளம்பியபின் நிறுத்தத்துக்கு வந்து சேர்கிறவை.

நகரத்துக் கொசுக்கள் கால்வாயிலிருந்து வந்தவை. கிராமத்துக் கொசுக்களை அவளும் இளவழகனும் பிப்ரவரியில் மன்னார்குடிப் பக்கம் ஒரு குளத்தில் பிடித்து வந்தார்கள். புழுக்களாக, பிளாஸ்டிக் டப்பாவில், பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு. பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான். ஒருமுறை அவளாகவே ஆசைக்கு ஒன்று செய்து பார்த்தாள்: கிராமத்துப் புழுக்களைக் கால்வாய்த் தண்ணீரிலும் நகரத்துப் புழுக்களைக் குளத்துத் தண்ணீரிலும் மாற்றி விட்டாள். மூன்றாம் நாள் கிராமத்துப் புழுக்களில் பாதி மிதந்தன. அதை அவள் எதிர்பார்த்தாள். எதிர்பார்க்காதது, நகரத்துப் புழுக்கள் சுத்தமான தண்ணீரில் சவலையாகி வளராமல் நின்றது. சாக்கடையில் நொதிக்கிற பாக்டீரியாதான் அவற்றுக்குச் சோறு. சுத்தமான தண்ணீரில் பட்டினி. நகரம் உயிர்களை மாற்றிவிடுகிறது. இரைச்சலுக்கு ஈடுகொடுக்க நகரத்துப் பறவைகள் சில குரலை உயர்த்திக்கொண்டன என்று எங்கோ படித்திருந்தாள். அவளுக்கு நேர்மாறாக நடந்தது. வந்த புதிதில் தள்ளுவண்டிக்காரரிடம் “வாரேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்ப, அவர் “எங்க வாறீங்க?” என்று சிரித்தார். அதன்பின் வாரேன் போயிற்று. என்னட்டி போயிற்று. போன சொற்களுக்குப் பதிலாக வேறு சொற்கள் வந்து குடியேறவில்லை, அந்த இடங்கள் சும்மா கிடந்தன.

பிறகு அந்தக் கண்டுபிடிப்பு. நகரத்து ஆணையும் கிராமத்துப் பெண்ணையும் ஒரே கூண்டில் விட்டார்கள். சேர்ந்தன. பெண்கள் முட்டையிட்டன, கறுப்பு அரிசிகளை நெருக்கி அடுக்கிய மாதிரி, தண்ணீரில் மிதக்கும் சின்னத் தெப்பங்கள். இருநூற்றுப் பதினான்கு தெப்பங்கள். ஒன்றுகூடப் பொரியவில்லை. மாற்றிப்போட்டால், அதாவது கிராமத்து ஆணும் நகரத்துப் பெண்ணும் என்றால், பொரிந்தன. பேராசிரியர் அன்றைக்குத் தட்டுகளை ஒவ்வொன்றாக உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார். “இதுக்குக் காரணம் வொல்பாக்கியா தாம்மா” என்றார். கொசுவின் உடம்புக்குள் குடியிருக்கிற பாக்டீரியா அது. தாயிடமிருந்து முட்டை வழியாக மட்டுமே பிள்ளைக்குப் போகும். அது உள்ள ஆண், அதே ரகம் இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை செத்துவிடும். “நகரத்துக் கொசுகிட்ட வேற ரகக் கிருமி வந்திருக்கு. மலையும் கடலும் நடுவுல நின்னு பிரிக்கிற வேலைய நம்ம கால்வாய் செஞ்சிருக்கு பாத்தியா. இன்னும் கொஞ்ச காலம் விட்டா ரெண்டும் ரெண்டு இனம். நம்ம கண்ணெதிர்ல.” அவருக்கு மார்ச்சில் ஓய்வு. முப்பத்தோரு வருடத்தில் இப்படி ஒன்று தனக்குக் கிடைக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கட்டுரை எழுதி முடித்தாயிற்று. இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குள் அனுப்பவேண்டும். அவளுடைய உதவித்தொகை டிசம்பரோடு முடிகிறது. இந்தக் கட்டுரை போனால் நீட்டிப்பார்கள், போகாவிட்டால் மாட்டார்கள். எல்லாம் சரியாக இருந்தது. பத்தேகால் மணி வரை எல்லாம் சரியாக இருந்தது.

நம்ம உடம்புல போறதெல்லாம் பால்ல எறங்குமாம். மணிக்கட்டுக்கு மேல் ஒரு கொசு குடித்து முடித்து வயிறு சிவந்து, பாரத்தோடு எழும்பி வலையில் போய் ஒட்டிக்கொண்டது. அந்தச் சின்னச் சிவப்பு வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு உள்ளே ஏதோ ஒன்று நழுவியது, படி இருக்கிறது என்று கால் வைத்த இடத்தில் படி இல்லாத மாதிரி. நம்ம உடம்புல போறதெல்லாம். ஏப்ரல். மே. அந்த மாத்திரை. இல்லை, அது முகத்துக்குச் சாப்பிட்டது. முகத்துக்குச் சாப்பிட்டதுதான், ஆனால் முகத்துக்கு மட்டும் எப்படிப் போகும், வயிற்றுக்குப் போய் ரத்தத்துக்குப் போய்த்தானே முகத்துக்குப் போகும். பச்சையும் மஞ்சளுமான மாத்திரை, காலையில் ஒன்று, எட்டு வாரம். அது ஆன்டிபயாடிக் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அந்த வகை மருந்தைப் புழுத் தண்ணீரில் கலந்தால் வொல்பாக்கியா அழிந்துவிடும் என்றும் தெரியாமல் இல்லை. போன வருடம் அவள்தான் அதைப் பற்றி வகுப்பெடுத்தாள், கரும்பலகையில் படம்கூடப் போட்டாள். இரண்டும் தெரிந்திருந்தன. ஒரே விடுதியில் அடுத்தடுத்த அறையில் இருக்கிற இரண்டு பெண்கள் மாதிரி, வருடக்கணக்கில் ஒன்றையொன்று பார்த்துப் பேசாமல் இருந்தன.

தூத்துக்குடியிலிருந்து பியூலா சித்தி போனில், “முகம் தெளிஞ்சாத்தான்ட்டி போட்டோ அனுப்ப முடியும். பாக்கதுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு. மஸ்கட் மாப்பிள்ள, சும்மா விட்டுறாத” என்றாள். ஆன்லைனில் தேடிக் கண்டுபிடித்த தோல் டாக்டரிடம் போனாள். வரிசையில் பதினேழு பேர், எல்லோரும் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் அவளை ஒருமுறைதான் நிமிர்ந்து பார்த்தார். “மெட்ராஸ் தண்ணி, மெட்ராஸ் தூசி. வந்த எல்லாருக்கும் வருது. ரெண்டு மாசம் சாப்பிடுங்க, வெயில்ல நடக்காதீங்க.” சாப்பிட்டாள். முகம் தெளிந்தது. மே கடைசியில் லீவு போட்டு ஊருக்குப் போனாள். கடித் தழும்பு தெரியாமல் இருக்க அம்மா அந்த வெக்கையில் முழுக்கை ரவிக்கை தைத்து வைத்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா மிக்சரைக் கிள்ளிக்கொண்டே “மெட்ராஸ்ல என்னம்மா வேல?” என்றாள். கொசு வளர்க்கிறேன் என்று சொல்லிவிட்டாள். ஆராய்ச்சி என்று சொல்லியிருக்கலாம். சித்தி அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். “நாங்க கொசுவ அடிக்கதுக்கு பேட்டு வாங்கி வச்சிருக்கோம்” என்று அந்த அம்மா சொல்ல, எல்லோரும் நல்லபடியாகச் சிரித்தார்கள், மாப்பிள்ளையும் சிரித்தார், யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் சிரித்தது நன்றாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

சரி, தெரியாமல் நடந்தது என்று வைத்துக்கொள்ளலாமா. வைத்துக்கொள்ள முடியாது, அங்கேதான் முள். கையை விடுவதற்கு முன்னால் கதவருகே நோட்டில் எழுதவேண்டும்: காய்ச்சல் உண்டா, தடுப்பூசி போட்டீர்களா, மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா. மூன்றாவது கேள்வியில் அவள் பேனா நின்ற அந்த முதல் நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. நோட்டை எடுத்து இளவழகன் சத்தம் போட்டு வாசிப்பான், வாசித்து நடிப்பான், போன வருடம் ஒருவர் மலச்சிக்கல் மாத்திரை என்று எழுதப்போய் அவருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. முகப்பரு என்று எழுதினால் என்ன ஆகும் என்று அவள் பார்த்தாள். அறை முழுக்க அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். இல்லை என்று எழுதினாள். வாரம் இரண்டு முறை, எட்டு வாரம். மொத்தம் பதினாறு “இல்லை”கள். கிராமத்துக் கூண்டில் அப்போது மூன்று தலைமுறைகள் வந்து போயின. பாட்டியும் மகளும் பேத்தியும் அவளுடைய கையில்தான் குடித்தார்கள். குடித்த ரத்தத்தில் மாத்திரை இருந்தது. கிருமி குறைந்து குறைந்து, ஒருநாள் கிருமியே இல்லாத ஒரு முட்டை. அப்படியானால் கிராமத்துக் கூண்டில் இருப்பவை கிராமத்துக் கொசுக்களே இல்லை. நகரத்தில் வேறு ரகம் எதுவும் வரவில்லை. வெறுமனே ஒரு பக்கம் கிருமி இருக்கிறது, ஒரு பக்கம் இல்லை. பாடப்புத்தகத்தில் உள்ளபடி ஒரு பக்கமாக மட்டும் முட்டை சாகிறது. அதுதான் மாற்றிப்போட்டால் பொரிந்தது. வேறு வேறு ரகம் என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் முட்டை சாகவேண்டும். அந்த ஒன்று அவளை அப்போதே லேசாக உறுத்தியது, ஒருவழிப் பாதை என்று பேராசிரியர் சொல்லிவிட்டார், விட்டுவிட்டாள். பிப்ரவரியில் வந்தபோது கிருமி இருக்கிறதா என்று சோதித்தார்கள், இருந்தது. அதன்பின் யாரும் சோதிக்கவில்லை. ஏன் சோதிக்கப்போகிறார்கள், இல்லை என்று பதினாறு தடவை எழுதியிருக்கும்போது.

ஒருவேளை அப்படி இல்லாமலும் இருக்கலாம். அவ்வளவு கொஞ்சம் மருந்து அவ்வளவு தூரம் வேலை செய்திருக்காது. கொசு குடிப்பது ஒரு துளியில் எத்தனையில் ஒரு பங்கு. ஒருவேளை. இரண்டு கொசுக்களை அரைத்துச் சோதித்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும். கட்டுரை போனபிறகு தனியாகச் சோதித்துப் பார்க்கலாம். சோதித்து, கிருமி இல்லை என்று வந்தால்? வந்தால் அது அவளுக்கு மட்டும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயங்கள் எத்தனையோ இருக்கின்றன, அதில் ஒன்று கூடினால் என்ன. யாரும் கேட்கப்போவதில்லை. கேட்டால்தானே பொய். அதுவும் போகட்டும், இன்னொரு விதமாகப் பார்த்தால் கட்டுரை பொய்கூட இல்லை. மெட்ராஸ் தண்ணி, மெட்ராஸ் தூசி, மெட்ராஸ் டாக்டர், பதினேழு பேர் வரிசை, மாத்திரை, அவளுடைய ரத்தம், கொசு, முட்டை. நகரம்தானே செய்தது. நகரம் கால்வாய் வழியாகப் போகாமல் அவள் வழியாகப் போயிருக்கிறது, அவ்வளவுதான். இந்த எண்ணம் வந்ததும் ஒரு நிமிடம் அவளுக்கு மிகவும் நிம்மதியாக இருந்தது. எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது. எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்று இரண்டாம் தடவை நினைத்தபோது கை அரித்தது. நடுவிரல் கணுவில், எலும்பு மேல், தாங்க முடியாத அரிப்பு. அசையாமல் இருந்தாள். கண்ணில் நீர் வந்தது, அரிப்பால்தான்.

கதவு திறந்து வெளிச்சம் ஒரு பட்டையாக விழுந்து மூடியது. பேராசிரியரின் செருப்புச் சத்தம். “அசையாத அசையாத, நானேதான்” என்றார் மெதுவாக, குழந்தை தூங்குகிற வீட்டுக்குள் வருகிற மாதிரி. இருட்டு பழகும்வரை நின்றார். “உன் பேரத்தான் முதல்ல போட்டிருக்கேன். இளவழகன் மூஞ்சி ஒரு மாதிரி போச்சு, போகட்டும். பெத்து வளத்தவ நீதானே.” அவள் “சார்” என்றாள். “அப்பா என்ன பண்றாருன்னு சொன்னே?” “ஹார்பர்ல கிளார்க், சார்.” “சொல்லு அவருக்கு. ஒரு நாள் பாடத்துல வரும் இது.” அப்பாவுக்கு ஏற்கெனவே தெரியும். அவர் போன ஞாயிற்றுக்கிழமையே கோயிலில் நன்றி அறிவிப்புக்குச் சீட்டு எழுதிக்கொடுத்துவிட்டார். கர்த்தர் என் மகளுக்கு ஒரு புதிய கொசுவைக் கொடுத்தபடியால் என்று சபை ஐயர் வாசித்ததும் பாடகர் குழுவில் யாரோ இருமினார்களாம், அம்மா போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பேராசிரியர் குனிந்து வலைக்குள் அவள் கையைப் பார்த்தார். “நல்லாக் குடிக்குதுங்க” என்றார். அவருடைய மூச்சில் காபி வாசனை. இப்போது சொல்லலாம். இருட்டாக இருக்கிறது, முகம் தெரியாது, ஒரே ஒரு ஆள்தான். இதைவிட நல்ல சமயம் வராது. “கடைசியா ஏதாவது மாத்தணுமாம்மா? சொல்லு, அனுப்பிட்டா அவ்வளவுதான்.” அவர் காத்திருந்தார். நிஜமாகவே காத்திருந்தார், அவள் பேசத் தாமதமாகும் என்று தெரிந்து இந்தக் கட்டிடத்தில் காத்திருக்கிறவர் அவர் ஒருவர்தான். தொண்டைக்குள் வாக்கியம் இருந்தது, முதல் சொல் எது என்றுதான் தெரியவில்லை. “ஒண்ணுமில்ல சார்” என்றாள். “நல்லது. முடிச்சிட்டு மேல வா” என்று அவள் தலையில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார்.

தலையில் அவர் தட்டிய இடம் வெதுவெதுப்பாக இருந்தது. அது பதினேழாவது “இல்லை”. எழுதாமல் சொன்னது. இன்னும் ஐந்து நிமிடம். வெளியே கஸ்தூரியும் லூர்து அக்காவும் போய்விட்டிருந்தார்கள். வாளி இழுபடும் ஓசை தூரத்தில். கஸ்தூரி என்ன செய்கிறாள் இப்போது, பால் கட்டிக்கொண்டு வலிக்குமே, பிழிந்து கொட்டுவாளா. கொட்டத்தான் வேண்டும். பிள்ளை அழும், கொடுக்கவும் முடியாது. யாரும் பார்க்கப்போவதில்லை, ஒரு தடவை கொடுத்துவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றாமலா இருக்கும். தோன்றியிருக்கும். கட்டுரை அச்சில் வரும். வேறு ஏதோ ஒரு ஊரில், வேறு ஒரு அறையில், பேச யோசிக்கிற ஒருத்தி அதைப் படிப்பாள். நகரத்துக் கொசுவையும் கிராமத்துக் கொசுவையும் பிடித்து வந்து சேர்த்து வைப்பாள். முட்டை எல்லாம் பொரியும். நான்தான் எங்கோ தப்புச் செய்திருக்கிறேன் என்று அவள் நினைப்பாள். மறுபடி செய்வாள். மறுபடி பொரியும். ஒரு வருடம், இரண்டு வருடம், தன்னுடைய கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்பாள். யாரிடமும் கேட்கமாட்டாள். கேட்கிற ஆளாக இருந்தால்தானே. சுகிர்தாவுக்கு அந்தப் பெண்ணின் முகம் தெரியவில்லை, தோள் மட்டும் தெரிந்தது, கூண்டை நோக்கிக் குனிந்த தோள். டிசம்பரில் விடுதி அறையைக் காலி செய்யவேண்டியிருக்கும். பெட்டி ஒன்று, பக்கெட்டு ஒன்று. பேராசிரியர் மார்ச்சில் மாலை போட்டுக்கொண்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாரே. இளவழகன் முகப்பரு முகப்பரு என்று கூப்பிடுவான், கூப்பிடட்டும், பெயர் என்று ஒன்றாவது இருக்கும். அப்பா சீட்டைத் திரும்ப வாங்க முடியாது. கடைசிக் கொசுவும் குடித்து முடித்துவிட்டு எழும்பியது. கையில் ஒன்றுமில்லை. நேரம் முடிய இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. காலியான கையைக் கூண்டுக்குள் வைத்துக்கொண்டே அவள் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு கையை மெல்ல ஊதிக்கொண்டே வெளியே எடுத்தாள், கூண்டின் வாயிலிருந்த துணிக்குழாயை முடிச்சுப் போட்டாள், கையைக் கழுவினாள். மாடிப்படி வெயிலில் கண் கூசியது. பேராசிரியர் அறையில் அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்க, பின்னால் இளவழகனும் எம்.எஸ்ஸி. பையன்கள் இரண்டு பேரும், அலுவலக மேலாளரும் நின்றார்கள். “வந்தாச்சு. உனக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்கார், ஒரே ஒரு கிளிக்” என்றான் இளவழகன். சுகிர்தா வாசலிலேயே நின்றாள். இடது கை முழுக்கத் தடித்துச் சிவந்திருந்தது.

“சார், ஏப்ரல், மே ரெண்டு மாசமும் நான் முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிட்டேன்” என்றாள்.

சத்தமாகவே வந்தது. பையன்களில் ஒருவன் பக்கென்று சிரித்தான். “அதுக்கென்ன இப்போ? நல்லாத்தானே இருக்கே” என்றான் இளவழகன்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. “என்ன மாத்திரை?” என்றார், திரையைப் பார்த்தபடியே.

“டாக்ஸிசைக்ளின் சார். அம்பத்தாறு நாள். கேட்ட இடத்துல எல்லாம் இல்லைன்னுதான் எழுதினேன்.”

பேராசிரியர் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.